மூன்றாவது முதலாளிக்கு நான் கொடுத்த ராஜினாமா

போர்த்தோ தோரெஸ்,
சனிக்கிழமை

மதிப்பிற்குரிய அத்தான் எட்டோரே அவர்களுக்கு, மைத்துனன் காவினோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மரியாங்கெலாவும் நலம். ஜெனோவாவில் தங்கள் முழங்கால் வலியும் அக்காவின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அத்தான், இருபத்தாறு வருஷமாக இந்த ஜெனோவாக் கப்பலின் சமையற்கட்டில் நிற்கிறேன். அரசாங்கக் கம்பெனியாக இருந்தவரை மேலே இருப்பவர்களுக்கு எங்கள் ஞாபகமே வராது. நிம்மதியாக மொச்சை சூப் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பிறகு தனியாருக்கு விற்றார்கள். முதலாவது முதலாளி புகைக்கூண்டுக்கு நீலம் அடித்து, எங்களுக்கும் நீல உடுப்பு கொடுத்து, சூப்பை நிறுத்தினார். எட்டே மாதத்தில் இரண்டாமவருக்கு விற்றார். அவர் அடித்தது சிவப்பு. என் அளவுக்குச் சிவப்புச் சட்டை வருவதற்குள் அவரும் விற்றுவிட்டார். ஆகவே மூன்றாவது முதலாளியின் மேனேஜர் ஃபுர்லான் வந்த அன்று, நீலக் காற்சட்டையும் பழைய அரசாங்கத் தொப்பியுமாக நின்றேன். எல்லாரும் புதிதாக வேலைக்கு மனுப் போடவேண்டுமாம்.

"இந்தக் கப்பல்ல முன்அனுபவம் இருக்கா?" என்று கேட்டார்.

"சார், நீங்க உக்காந்திருக்கிற நாற்காலிக்கு ஆணி அடிச்சதே நான்தான்."

"சான்றிதழ் இருக்கா?"

"பழைய கம்பெனிதான் தரணும். அதைத்தான் நீங்க வாங்கிட்டீங்களே."

"நாங்க கப்பலைத்தான் வாங்கினோம். வாங்கின சாமான் பட்டியல்ல சமையல்காரர் இல்ல."

கரண்டிகள்கூடப் பட்டியலில் இருந்தன அத்தான், நான் இல்லை. அங்கேயே ஒரு மெனு அட்டையின் பின்பக்கத்தில் ராஜினாமா எழுதி, அவரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். வீட்டுக்காரி மரியாங்கெலா, "பட்டியல்லயே இல்லாத ஆளு எந்த வேலைய ராஜினாமா பண்ணுச்சு?" என்கிறாள். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

தங்கள் ரொட்டிக்கடையில் அடுப்படி வேலை தருவதாகப் பத்து வருஷமாகச் சொல்கிறீர்கள். வருகிறேன். மாடி அறையை ஒழித்து வையுங்கள். அந்தக் கப்பலில் இனிப் பயணியாகக்கூடக் கால் வைக்கமாட்டேன். தலை சுற்றினாலும் விமானத்தில்தான் வருவேன்.

பொனாரியா மாதா தங்கள் இருவரையும் காப்பாளாக.

இப்படிக்கு,
காவினோ

பின்குறிப்பு: தபால் பெட்டிக்குப் போகும் வழியில் மாலுமித் தலைவன் பக்கீசியோ மறித்துக்கொண்டான். "புதன்கிழமையே நாலாவது ஆளுக்கு வித்துட்டாங்கண்ணே. ஃபுர்லான் வியாழக்கிழமை போட்ட கையெழுத்து செல்லாது. சாப்பாடு இல்லாம ஒருத்தனும் கயித்த அவுக்க மாட்டேங்கிறான், வாங்க" என்று இழுத்துவந்துவிட்டான். இதைச் சமையற்கட்டிலிருந்துதான் முடிக்கிறேன். மொச்சை கொதிக்கிறது. அறையை ஒழிக்கவேண்டாம். நாளைக் காலை ஜெனோவாவில் இறங்கியதும் இந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்து தருகிறேன். இருந்தாலும் முழுக்கப் படியுங்கள், கோபப்பட்டது உண்மைதான்.