மாப்பிள்ளை அப்டேட் ஆகிக்கொண்டிருந்த நேரம்

எனக்குப் புரியாத விஷயங்களைப் புரிந்த மாதிரி பேசுவதில் நான் கெட்டிக்காரன். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. என் தங்கை தேவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். அவளுடைய நிச்சயதார்த்தம் நின்றுபோகப் பார்த்ததற்குப் பாதிக் காரணம் நான். மீதிப் பாதி யார் என்பதில்தான் வீட்டில் இன்னும் தகராறு.

மாப்பிள்ளை பிரபுவுக்கு ஷார்ஜாவில் வேலை. சொந்த ஊர் எங்கள் மரக்காணத்துக்குப் பக்கத்திலேயே, அனுமந்தை. பெண் பார்த்துவிட்டுப் போனவர், நிச்சயத்துக்கு நாள் குறிப்பதற்குள் லீவு முடிந்து விமானம் ஏறிவிட்டார். போன கையோடு, ஊருக்கு வந்த நண்பர் ஒருவரிடம் ஒரு பரிசு கொடுத்தனுப்பினார். பெண்ணுக்கு அல்ல, பெண்ணின் அண்ணனுக்கு. (விவரமான ஆள் என்று அப்போதே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.)

பெட்டியைத் திறந்தால், நடுவில் ஒரு திரை, இரண்டு பக்கமும் கட்டை விரலால் திருகுகிற குச்சிகள், சுற்றிலும் பொத்தான்கள். பார்த்தால் பிள்ளைகள் கேம் விளையாடுகிற சாமான்.

"மச்சான், அத வெறும் கேமுன்னு நெனச்சிடாதீங்க" என்றார் மாப்பிள்ளை போனில். "உள்ள முழு கம்ப்யூட்டர் இருக்குது. டிவில கூட மாட்டலாம். நான் புதுசு ஒண்ணு வாங்கிட்டேன், அதான் இத உங்களுக்கு அனுப்பிட்டேன்."

நான் பாண்டிச்சேரியில் ஒரு டைல்ஸ் கடையில் பில் போடுகிறவன். பில் போடுவது கம்ப்யூட்டரில் என்பதால், எங்கள் தெருவில் எனக்குக் 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச புள்ள' என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காக நான் வாய் திறந்த இடங்களைக் கணக்கெடுத்தால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

பரிசு வந்த அன்றே அம்மா அதற்குக் கவர் போட்டுவிட்டாள். இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறவள். எங்கள் ஊர்க் காற்று கதவுத் தாழ்ப்பாளைத் தின்னும், சைக்கிள் செயினைத் தின்னும், காஸ் அடுப்பு பர்னரைத் தின்னும். அதனால் எங்கள் வீட்டில் டிவி ரிமோட், சுவர்க் கடிகாரம், அயர்ன் பாக்ஸ், கால்குலேட்டர் எல்லாம் கவருக்குள்தான் வாழ்க்கை நடத்துகின்றன. இதற்குப் புடவை வந்த கண்ணாடிக் கவர் ஒன்றை வெட்டி, இறுக்கமாகச் சுற்றி, ஓரமெல்லாம் செல்லோ டேப் ஒட்டி, சார்ஜர் செருக மட்டும் ஒரு ஓட்டை விட்டாள். பொத்தான்களைக் கவரின் மேலிருந்தே அழுத்தலாம்.

"மழை வந்தா உப்புக் குவியலையே ஓலை போட்டு மூடுறோம். இத மூட மாட்டமா?" என்றாள்.

நியாயம்தானே. நான் பெருமையோடு அதைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.

குழப்பம் அன்றைக்கே ஆரம்பித்தது. முழுக்க சார்ஜ் ஏற்றி, பஸ்ஸில் உட்கார்ந்து, கார் ரேஸ் ஒன்றை ஆரம்பித்தால், அனுமந்தை தாண்டுவதற்குள் அணைந்துவிட்டது. பாண்டிச்சேரிக்கு முந்தின பொம்மையார்பாளையம் வரைக்குமாவது தாங்க வேண்டாமா? அதற்குள்ளே ஒரு விசிறி வேறு இருந்தது. அது போட்ட இரைச்சலில் பக்கத்து சீட்டுக்காரர் பஸ் எஞ்சினைச் சந்தேகப்பட்டு எட்டிப் பார்த்தார். கையில் பிடிக்க முடியாத சூடு. மார்கழியாக இருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும், அது சித்திரை.

மாப்பிள்ளையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கொடுத்த பொருளைக் குறை சொல்கிறான் என்று நினைத்துவிடக் கூடாதே.

"எங்கிட்ட இருந்தப்ப நல்லாத்தான மச்சான் நின்னுச்சு? ஒரு முழு சினிமா பாத்தாலும் பாதி மிச்சம் இருக்கும்" என்று அவரும் குழம்பினார். பிறகு அவரே தெளிந்தார். "பழைய வெர்ஷனா இருக்கும். வர்ற அப்டேட்ல பேட்டரி சரியாயிடுமாம், போட்டிருக்கான்."

யார் போட்டிருக்கான், எங்கே போட்டிருக்கான் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்ற பெயர் என்ன ஆவது? "ஆமாமா, நானும் பாத்தேன்" என்றேன்.

அப்டேட் வந்தது. பேட்டரி முன்பைவிடச் சீக்கிரம் போனது. அதற்கடுத்த அப்டேட்டில் சரியாகும் என்றார் மாப்பிள்ளை. அதுவும் வந்தது. இப்போது சூடும் கூடிவிட்டது. நான் பழைய அப்டேட்டுக்குத் திரும்பலாமா, வரப்போகும் அப்டேட்டுக்குக் காத்திருக்கலாமா என்று தெரியாமல், கடையில் டைல்ஸ் வாங்க வந்தவர்களிடமெல்லாம் அப்டேட்டைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். விளக்கினால் எனக்குப் புரிந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

அம்மா ஒரு நாள் கேட்டாள். "அப்டேட்டுன்னா இன்னாடா?"

"உள்ள இருக்கற கோளாற சரி பண்ணும்மா."

"யாரு வந்து பண்ணுவாங்க?"

"யாரும் வரமாட்டாங்க. அதுவா பண்ணிக்கும்."

"அப்ப நம்ம தண்ணி மோட்டாருக்கு ஒண்ணு போடச் சொல்லேன்."

நான் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

இந்த நிலைமையில்தான் நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா அனுமந்தையில் மளிகைக் கடை வைத்திருப்பவர், பேச்சில் கறார். "என் புள்ள மொகத்த பாக்காம நான் தட்டு மாத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

"போன்ல காட்டிட்டாப் போச்சு" என்றாள் தேவி.

போனிலா? நிச்சயதார்த்தத்தையா? ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில், உள்ளங்கை அளவு திரையில் மாப்பிள்ளை முகமா? அவர் அனுப்பிய கம்ப்யூட்டரிலேயே, டிவியில், ஆள் உயரத்துக்கு அவரை வரவழைக்கிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன். மாப்பிள்ளையும் நெகிழ்ந்துபோனார். நான் கொடுத்த பொருளை மச்சான் எப்படி மதிக்கிறார் பார் என்று அவர் அம்மாவிடம் சொன்னாராம்.

இரண்டு சிக்கல்கள் இருந்தன. அந்தச் சாமானில் கேமரா கிடையாது. நாம் மாப்பிள்ளையைப் பார்க்கலாம், மாப்பிள்ளை நம்மைப் பார்க்க முடியாது. (பெண் பார்க்கிற சடங்கைத் திருப்பிப் போட்ட மாதிரி என்று நான் ஜோக் அடித்தேன். தேவி சிரிக்கவில்லை.) அடுத்த சிக்கல், அதில் இருப்பது ஒரே ஓட்டை. டிவி ஒயரைச் செருகினால் சார்ஜரைச் செருக முடியாது. ஆக, தட்டு மாற்றி முடிகிற வரைக்கும் பேட்டரியை நம்பித்தான் என் தங்கையின் கல்யாணம்.

ஞாயிற்றுக்கிழமை. மூன்றரையிலிருந்து நாலரை வரை நல்ல நேரம், நாலரைக்கு மேல் ராகு காலம். கூடத்தில் பாய் விரித்து இரண்டு வீட்டு ஆட்களும் உட்கார்ந்தாயிற்று. நடுவில் வெற்றிலை, பாக்கு, பழம், புடவை வைத்த தட்டுகள். டிவியில் மாப்பிள்ளை ஆள் உயரத்துக்கு வந்தார். சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, பின்னால் ரூம் கட்டில் தெரிய, கும்பிட்டார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. சம்பந்தியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டேன்.

புரோகிதர் பத்திரிகை வாசிக்கத் தொண்டையைச் செருமியபோது, கையிலிருந்த திரையின் மூலையைப் பார்த்தேன். பேட்டரி பாதிக்குக் கீழே போயிருந்தது. விசிறி கத்த ஆரம்பித்திருந்தது. அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு செய்தி நின்றது. அப்டேட் தயார்.

இப்போது யோசித்தால் எவனாவது அந்த நேரத்தில் அதைத் தொடுவானா என்று தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது வேறு. இதுதான் மாப்பிள்ளை சொன்ன அப்டேட். இதைப் போட்டால் பேட்டரி சரியாகிவிடும். சரியாகிவிட்டால் தட்டு மாற்றும் வரை தாங்கும். கடவுளாகப் பார்த்து அனுப்பியிருக்கிறார். அழுத்தினேன்.

மாப்பிள்ளை கும்பிட்ட கையோடு மறைந்தார். டிவியில் கறுப்புத் திரை, நடுவில் சுற்றுகிற ஒரு வளையம், கீழே ஒரு எண்.

"எங்க என் புள்ள?" என்றார் சம்பந்தியம்மா.

"அப்டேட் ஆவறாரு அத்தை. இப்ப வந்துடுவாரு."

கூட்டம் அந்த எண்ணையே பார்க்க ஆரம்பித்தது. பின்னால் இருந்து கண் தெரியாத பெரியப்பா ஒருவர், "மாப்பிள்ள எவ்ளோ வந்துட்டாரு?" என்று கேட்க, யாரோ "முப்பது வந்துட்டாரு" என்றார்கள். ஐம்பதில் ரொம்ப நேரம் நின்றார். தொண்ணூறில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நூறு வந்ததும் சம்பந்தியம்மா தட்டைக் கையில் எடுத்தார். திரை ஒரு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தது.

"மறுபடியும் மொதல்ல இருந்து வர்றாரா?" என்றார் பெரியப்பா.

ஏன் என்று எனக்கும் தெரியவில்லை. கையில் சாமான் கொதித்தது, பிளாஸ்டிக் வாடை அடித்தது. எட்டோ ஒன்பதோ வந்தபோது விசிறிச் சத்தம் நின்றது. டிவியில் 'சிக்னல் இல்லை' என்று வந்தது. கவருக்குள் இருந்த சுவர்க் கடிகாரம் நாலேகால் காட்டியது.

சம்பந்தியம்மா தட்டைக் கீழே வைத்தார். புடவையை எடுத்து மறுபடி பைக்குள் வைத்தார். "மொகம் வந்து பாதியில அணைஞ்சி போச்சு. எனக்கு மனசு சரியில்ல. இன்னொரு நாள் பாக்கலாம்."

இன்னொரு நாள் என்று எழுந்துபோன நிச்சயங்கள் திரும்பி வந்ததில்லை, அது கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அம்மா என்னைப் பார்க்கவில்லை. தேவி அறை வாசலில் பட்டுப் புடவையோடு நின்றிருந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. என் ஜம்பத்தில் என் தங்கையின் வாழ்க்கையைத் தொலைத்துவிட்டேன் என்று நிஜமாகவே பயந்துபோனேன்.

என் சட்டைப்பையில் போன் அடித்தது. மாப்பிள்ளை. தேவி விறுவிறுவென்று வந்து, போனை என் பையிலிருந்து உருவி, வீடியோ காலை எடுத்தாள்.

"இன்னா ஆச்சு? கட் ஆயிடுச்சு" என்றார் மாப்பிள்ளை, உள்ளங்கை அளவில், தெள்ளத் தெளிவாக.

"எங்க அண்ணன் உங்கள அப்டேட் பண்ணிச்சு."

"பேட்டரி போச்சு மாப்பிள்ள" என்று நான் குறுக்கே புகுந்தேன். "இந்த அப்டேட்லயும் சரியாவல."

"அத காட்டுங்க மச்சான், லைட்டு ஏதாவது எரியுதா பாப்போம்."

காட்டினேன். மாப்பிள்ளை கண்ணைச் சுருக்கி, முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தார்.

"மச்சான், அது இன்னா சுத்தி மினுமினுன்னு?"

"கவரு."

"எப்ப போட்டீங்க?"

"வந்த அன்னிக்கே."

மாப்பிள்ளை சிரிக்க ஆரம்பித்தார். கட்டிலில் சாய்ந்து சிரித்தார். "மேல இருக்கற ஓட்டை வழியாதான் சூடு வெளிய போவணும் மச்சான். அத டேப்பு போட்டு அடைச்சிட்டீங்க. மூச்சு விட முடியாம அது பேட்டரிய குடிச்சிட்டு இருக்குது. நான் வர்ற அப்டேட்ட எல்லாம் திட்டிட்டு இருக்கேன்."

கூடமே என்னைப் பார்த்தது. பூமி பிளக்கவில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா தரையைப் பார்த்தாள்.

சம்பந்தியம்மா விருட்டென்று எழுந்து வந்து தேவி கையிலிருந்த போனைத் திருப்பினார். போச்சு, இனி சாமானும் போச்சு, சம்பந்தமும் போச்சு என்று நினைத்தேன்.

"ஏன்டா சிரிக்கிற?" என்றார் மகனிடம். "உப்புக் காத்துல தொறந்து போட்டு வப்பாங்களா? உங்க அப்பா வாங்கின ரேடியோ, மூணே மாசத்துல துரு புடிச்சி போச்சே, மறந்துட்டியா? கவர் போட்டு வச்சதுல இன்னா தப்பு?"

மாப்பிள்ளையின் சிரிப்பு நின்றது. சம்பந்தியம்மா அந்தச் சாமானை என் கையிலிருந்து வாங்கி, டேப் ஒட்டிய ஓரங்களை விரலால் தடவினார். பிறகு கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். ரிமோட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னலோரம் இருந்த அயர்ன் பாக்ஸைப் பார்த்தார்.

"இது புடவை கவரா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"ஆமாங்க. கெட்டியா இருக்கும்."

"நான் சக்கரை மூட்டைக்குள்ள வர்ற கவர போடுவேன். இது அத விட நல்லாருக்குது." மகன் பக்கம் திரும்பினார். "பொருள பாத்துக்கத் தெரிஞ்ச வீடுடா இது. நீ அப்படியே மூஞ்ச காட்டிட்டு நில்லு, நேரம் ஆவுது."

போனை வெற்றிலைத் தட்டில், வாழைப்பழச் சீப்பில் சாய்த்து வைத்தார்கள். நாலரைக்குச் சற்று முன்னால் தட்டு மாறியது. மாப்பிள்ளை முகம் என் உள்ளங்கையைவிடச் சிறியதாக இருந்தது, எல்லோரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். தேவி நிமிரவே இல்லை, சிரிப்பை அடக்குகிறாள் என்று தோள் சொன்னது.

அதன் பிறகு கவரைப் பிரித்தேன். பேட்டரி பாண்டிச்சேரி போய்த் திரும்பும் வரை நின்றது. மாப்பிள்ளை சொன்னது சரி என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். ஆடிக் காற்று முடிவதற்குள் சார்ஜர் ஓட்டையில் பச்சையாகக் களிம்பு ஏறி, இடது பக்கக் குச்சி ஒட்டிக்கொண்டு, கார் எந்நேரமும் இடப்பக்கமே திரும்பியது. அம்மா சொன்னது சரி என்றும் ஆகிவிட்டது. மூடினால் மூச்சு முட்டிச் சாகும், திறந்தால் துருப் பிடித்துச் சாகும் பொருளை எங்கள் ஊரில் எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டால், இரண்டு கட்சியும் என்னைத்தான் முறைக்கின்றன.

கல்யாணமாகி, தேவி இப்போது அனுமந்தையில். எனக்குத் தலைவலி என்றால் "கவர பிரிச்சிப் பாரு" என்கிறாள். பஸ் தாமதமானால் "அண்ணன் இன்னும் முப்பதுதான் வந்துச்சு" என்கிறாள். மாப்பிள்ளை போன லீவுக்கு வந்தபோது தன்னுடைய புதுசையும் எனக்கே கொடுத்துவிட்டுப் போனார், கூடவே அடுத்த அப்டேட்டில் பேட்டரி இன்னும் நன்றாக நிற்குமாம் என்ற தகவலையும்.

நான் அதை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் மேலே புடவைக் கவர், ஓரமெல்லாம் டேப், விசிறி ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும் கத்தரிக்கோலால் அழகாக வெட்டிய ஒரு ஜன்னல். அதன்மேல் ஒரு துண்டு கொசு வலை.

"அப்டேட் பண்ணிட்டேன், எடுத்துட்டுப் போ" என்றாள் அம்மா.