சிட்டு தடங்கல் இல்லாமல் வாசித்துவிட்டாள்

மதிப்புமிகு அத்தான் அவர்களுக்கு, ஐந்தாம் வகுப்பு வாத்தியாரான உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே என்னைத் தவிர எல்லாரும் சௌக்கியம். நேற்று மதியத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் வகுப்பு உங்களுக்குத் தெரியாததா? உட்கார்ந்தால் கணக்கு வராத, தட்டாம்பூச்சி என்று பட்டப்பெயர் வாங்கிய பையனுக்கு நின்றபடி எழுத ஜன்னலோரம் உயரமான மேசை போட்டேன். காது மந்தமானவனை முன் பெஞ்சுக்குக் கொண்டுவந்து, அவன் என் வாயைப் பார்க்க வேண்டுமே என்று, கரும்பலகையோடு பேசும் இருபது வருஷப் பழக்கத்தையே விட்டேன். அவர்கள் எப்படியும் தேறிவிடுவார்கள். சிட்டுதான் என் கவலை. காதில் விழுந்ததை அப்படியே பிடித்துக்கொள்வாள், வாயால் கேட்டால் டாண் டாணென்று பதில் வரும், புத்தகத்தைத் திறந்தால் மட்டும் எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிறதாம். ஒரு பத்தி வாசிப்பதற்குள் மணி அடித்துவிடும். பரீட்சையில் கேள்வியை வாசித்துக்காட்ட ஓர் ஆளும் கூடுதலாக அரை மணியும் அவளுக்கு வேண்டுமென்று கல்வி ஆபீசுக்கு மூன்று முறை எழுதிப்போட்டேன். போன வருஷம் ஃபெயில். இந்த வருஷமும் ஆனால் படிப்பை நிறுத்திவிடுவதாக அவள் அப்பா சொல்லிவிட்டார்.

நேற்று அவளைச் சோதித்துப் பார்க்க அந்த ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி நேரில் வந்தார். வரப்போகிறார் என்று தெரிந்ததிலிருந்தே எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளை பயந்துவிடக் கூடாதே என்று எட்டாம் பாடத்தை ஒரு வாரமாகத் தினமும் வாசித்துக் காட்டினேன், அதுதான் அத்தான் நான் செஞ்ச முட்டாள்தனம். அந்த மனுஷன் எந்தப் பாடத்தை எடுக்கச் சொன்னார் தெரியுமா, அதே எட்டாம் பாடம். புள்ள எழுந்து நின்னா, மூச்சுவிடாம கடகடன்னு ஒப்பிச்சா, பக்கத்தைக்கூடப் புரட்டலை. "மேகங்கள் மலையில் மோதி, க்ஹும், கடைசி பெஞ்சு, அங்க என்ன சிரிப்பு, குளிர்ந்து மழையாகின்றன"ன்னு என் இருமலையும் அதட்டலையும் சேர்த்து. கடைசி பெஞ்சு நிஜமாவே அடங்கிடுச்சு. அதிகாரி தலையைத் தூக்கலை, எழுதிக்கிட்டே இருந்தார். தாளை என் கையில கொடுத்துட்டுப் போயிட்டார். "தங்குதடையின்றிச் சொல்கிறாள்"னு முதல் வரி. எனக்கு அழுகையே வந்துடுச்சு. உதவி பண்றேன்னு நானே அவ தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டேன்.

அந்த ஆபீசில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் உண்டு. அவருக்குக் காது இருந்தும் கேட்கவில்லை என்று மேலிடத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பரீட்சை திங்கட்கிழமை. அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
சோறு இறங்காத மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சிட்டு வந்தாள். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அதிகாரி கொடுத்த தாளை வாங்கித் திருப்பினாள். பின்பக்கமும் எழுதியிருக்கு அத்தான். நான் திருப்பவே இல்லை. வாங்கப் போனேன், "நானே வாசிக்கறேன் சார்"னுட்டா. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள்: "ஆனால் இது வாசிப்பு அல்ல, ஆசிரியரைக் கேட்டு மனப்பாடம். ஆளும் அரை மணியும் அனுமதிக்கப்படுகின்றன." முடிக்க ஏழு நிமிஷம் ஆச்சு. வாசிச்சுக் காட்ட ஆள் தேவைப்பட்டது எனக்குத்தான் அத்தான். மேலிடத்துல எதுவும் சொல்லிடாதீங்க. அக்காகிட்ட அறவே வேண்டாம்.