டாங்க் மேல் வந்த விருந்தாளி

ராஜா அண்ணாமலைபுரத்தில் காக்காயைக்கூட நம்பாத ஒரே மனிதர் எங்கள் ஃபிளாட் கொஸ்டின் மார்க் சார்தான். புரட்டாசி வந்தால் வடக்கிலிருந்து வருகிற பறவைகளை மொட்டை மாடியில் நின்று பார்ப்பார். நோட்டில் ‘பஞ்சுருட்டான்’ என்று எழுதுவார், பக்கத்திலேயே ஒரு கேள்விக்குறியும் போடுவார். தன் கண்ணையே நம்பாத மனுஷன் பால் பாக்கெட்டையும் லிப்டையும் நம்புவாரா?

எங்களுக்கு அவர்மேல் சந்தேகம். பைனாகுலர் வைத்திருப்பவர் பறவையைத்தான் பார்க்கிறார் என்பதற்கு என்ன அத்தாட்சி? எதிர் ஃபிளாட்டிலிருந்து புகார் வந்தது. சங்கச் செயலாளன் என்பதால் வேவு பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. மகாளய அமாவாசையன்று காலையிலேயே வாளியோடு மாடிக்குப் போய், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி நின்றேன். அவர் பைனாகுலரை என் பக்கம் திருப்பினார்.

“அந்தச் செடி போன மாசமே செத்துப்போச்சே சார். நீங்க எதுக்கு வந்தீங்க?”

பதினொரு மணிக்கு அவர் பைனாகுலர் டாங்க் பக்கம் திரும்பி அப்படியே நின்றது. தண்ணீர் டாங்க் மேல் ஒரு வல்லூறு வந்து உட்கார்ந்திருந்தது. மூன்று வருடமாக அதற்காகத்தான் காத்திருக்கிறாராம். மூச்சு விடக்கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டார். அதற்குள் பேட்டைக் காக்காய்கள் மொத்தமும் வந்து அதைச் சுற்றிக் கத்த ஆரம்பித்தன.

அந்த நேரம் பார்த்து முதல் மாடி ஜெயா அக்கா படையல் சோற்றோடு வந்தார். கணவர் தவறிய பிறகு வருகிற முதல் மகாளயம். சோற்றைக் கைப்பிடிச் சுவரில் வைத்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒரு காக்காய்கூடத் திரும்பவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. காக்காய் எடுக்காமல் அவர் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார்.

“ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்னிக்குக்கூட அவரைத் திட்டினேன். இன்னும் கோவம் ஆறல போல,” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

காக்காயெல்லாம் டாங்க் பக்கம் சண்டையில் இருக்கின்றன என்று சார் விளக்கிப் பார்த்தார். அக்கா கேட்கவில்லை. சார் டாங்கைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். சட்டென்று என் வாளியைப் பிடுங்கித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தரையில் தடதடவென்று அடித்தார். வல்லூறு எழும்பி அடையாறு பக்கம் போயே போய்விட்டது. கொஞ்ச தூரம் துரத்திவிட்டுத் திரும்பிய காக்காய்களில் ஒன்று வந்து சோற்றில் வாய் வைத்தது.

“அவர்தானா சார்?” என்றார் அக்கா.

நாலடி தூரத்தில் இருந்த காக்காயை சார் பைனாகுலரில் நிதானமாகப் பார்த்தார்.

“அவரேதாம்மா. எனக்கு நல்லாத் தெரியும்.”

அக்கா அன்று வயிறாரச் சாப்பிட்டார். சங்கத்தில் நான் என்ன சொன்னேன் என்பது கிடக்கட்டும். அன்றிலிருந்து அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.