சுவருக்குப் பின்னால் ஒரு மாஸ்டர்

'டொக்! டொக்!'

பக்கத்து வீட்டுச் சுவர்தான். பேஸ்காரர் தன் பேஸ் கிட்டாரைக் கட்டிப்பிடித்தபடி மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார்.

குடிவந்து மூட்டை முடிச்சைக்கூட முழுசாக அவிழ்க்கவில்லை. "அக்கம்பக்கத்துல ஒரு புகார் வந்தாலும், வண்டி பிடிச்சு ஏத்திவிடுறது என் பொறுப்பு" என்று வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்புதான் இன்னும் காதில் கேட்டது.

வாசிக்காமலும் இருக்க முடியாது. காலையில்தான் குழுத் தலைவரான பாடகர் ஒத்திகையைப் பாதியில் நிறுத்தினார்.

"தம்பி, நீ பேஸ் கிட்டார் வாசிக்கிறியா, தையல் மிஷின் ஓட்டுறியா?"

"நோட்டெல்லாம் சரியாத்தானே இருக்கு, அண்ணே?"

"எல்லா நோட்டும் இருக்கு. அதான் பிரச்னை! மூச்சு விட இடமில்ல. மெலடிக்கும் அதே டுக்குடுக்கு, குத்துப் பாட்டுக்கும் அதே டுக்குடுக்கு. பேஸ் கேட்டா தலை தானா ஆடணும். நீ வாசிச்சா தலை வலிக்குது! சனிக்கிழமை ஹோட்டல் கச்சேரிக்குள்ள உனக்கு அந்தத் தலையாட்ட வைக்கிற க்ரூவ் வரலைன்னா, கீபோர்டு வாசிக்கிற என் மச்சான் இடது கையாலேயே உன் வேலையையும் பாத்துக்குவான்."

ஆயுசு முழுக்கத் தேய்ந்த விரல்களுக்குப் பதில், மச்சானின் சும்மா கிடக்கும் இடது கை!

மனைவி வீட்டுக்குள் வந்தாள். அவர் கிட்டாரை எடுத்தால் அவள் செருப்பை எடுப்பாள். அடிக்க அல்ல, நடைப்பயிற்சிக்கு.

"பக்கத்து வீட்டு ஆளு சுவரை இடிக்கிறார்டி!"

"அவர் ஒரு மாதிரியாம்ங்க. கதவைத் தட்டினா திறக்கவே மாட்டாராம். நடக்கிற இடத்துல பேசிக்கிட்டாங்க. கொஞ்சம் இடம் விட்டு வாசிச்சுப் பாருங்களேன்."

"தாளத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

அவள் செருப்பைக் கழற்றி வைத்தாள். சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினாள். மூடிகள் மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சத்தம் போட்டன.

மறுநாள் பேஸ்காரர் ஆம்ப்ளிஃபயருக்கு மெத்தையைப் போர்த்தினார். 'டொக்!' கூடத்தை விட்டுப் படுக்கையறைக்கு ஓடினார். 'டொக்!' படுக்கையறைச் சுவருக்கும் வந்துவிட்டது. ஆவேசத்தில் விரல்கள் பறந்தன. 'டொக்டொக்டொக்டொக்!'

பயந்துபோய் ஒரு நோட்டைக் குறைத்தார். சுவர் அமைதியானது. இன்னொன்றைக் குறைத்தார். அப்போதும் அமைதி. ஒரு நோட்டை நிறுத்தி, கொஞ்சம் காத்திருந்தார். அந்தச் சந்தில் மெதுவாக, மிக நாகரிகமாக ஒரு 'டொக்' வந்து உட்கார்ந்தது.

பேஸ்காரரின் தலை தானாக ஆடியது.

மெல்லிசைப் பாட்டை எடுத்தார். சுவர் நிதானமாகத் தட்டியது. குத்துப் பாட்டுக்குப் போனார். சுவர் குதித்தது. தப்புப் பண்ணினால் படபடவென்று திட்டு, சரியாக வாசித்தால் ஒற்றை டொக். இப்படி ஒரு குரு யாருக்கு வாய்க்கும்?

அடுத்த ஒத்திகையில் டிரம்மர் வாசிப்பதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தான்.

"டேய், இது யாருடா கத்துக்கொடுத்தது?" என்றார் தலைவர்.

சுவர் என்று சொல்ல முடியுமா? "ஒரு... மாஸ்டர், அண்ணே."

"அவரைச் சனிக்கிழமை கூட்டிட்டு வா! மேடையில சால்வை போர்த்துறேன். வரலைன்னா நீ அளந்தது பொய்யின்னு அர்த்தம். பொய் சொல்றவனுக்கு என் குழுவுல இடமில்ல."

பக்கத்தில் நின்ற மச்சான் இடது கையைச் சொடுக்கிக்கொண்டான்.

அன்றே பேஸ்காரர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார். மனைவி நடைப்பயிற்சிக்குக் கிளம்பிய நேரத்தில், ஒரு பெரிய கேக்கைத் தட்டோடு வாசலில் வைத்துவிட்டு வந்து வாசித்தார். அன்றைக்கு டொக்குகள் ஏனோ கொஞ்சம் மந்தமாக வந்தன. பிறகு போய்ப் பார்த்தால், கழுவித் துடைத்த காலித் தட்டு!

"மாஸ்டர் கேக்கை ஏத்துக்கிட்டார்டி! சாப்பாடு போடு, கொண்டாடலாம்."

"நீங்க சாப்பிடுங்க. எனக்கு வயிறு திம்முனு இருக்கு."

"ஆமா, மரக்கரண்டி எங்கே? கரண்டியில்லாமயா கிண்டினே?"

"உடைஞ்சு போச்சு."

வெள்ளிக்கிழமை அவள் வலது மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு நின்றாள். கேட்டதற்கு, "கதவிடுக்குல மாட்டிக்கிச்சு" என்றாள். அன்று சுவரிலிருந்து ஒரு டொக்கும் வரவில்லை. வேண்டுமென்றே தையல் மிஷின் ஓட்டிப் பார்த்தார். ம்ஹூம்.

"மாஸ்டருக்குக் கோபம்! நாளைக்கு என் கதை கந்தல்!"

"கோபமெல்லாம் இருக்காது. நாளைக்கு நீங்களாவே வாசிச்சுடுவீங்க" என்றாள் மனைவி.

வேறு வழியில்லாமல் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். "நாளைக்கு எங்க கச்சேரிக்கு அவசியம் வரணும். பக்கத்து வீட்டுல இருக்கிறவரையும் எப்படியாவது கூட்டிட்டு வாங்க" என்று ஆரம்பித்தார். லைன் கரகரவென்று அறுந்தது. "வர்றேன்" என்பது மட்டும் கேட்டது. அதுவே போதும்.

சனிக்கிழமை. விளக்குகள் எரிந்தன. முதல் பாட்டில் பழைய டுக்குடுக்கு தலைகாட்டியது. முன்வரிசையில் மனைவியின் குதிகால் தரையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே ஒரு நோட்டை விட்டார். காத்திருந்தார். சந்து கிடைத்தது. அப்புறம் கூட்டத்தில் எவர் தலையும் சும்மா இருக்கவில்லை. மச்சானே இடது கையால் கீபோர்டு ஸ்டாண்டைத் தட்டினான்.

கைதட்டல் அடங்குவதற்குள் தலைவர் சால்வையோடு மைக்கைப் பிடித்தார். "எங்கடா உன் மாஸ்டர்?"

பேஸ்காரர் மேடையிலிருந்து குதித்து, அப்போதுதான் உள்ளே வந்த வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், எங்கே சார் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்?"

வீட்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்தப் பக்கத்து வீட்டுக்காரர், தம்பி? அந்த வீடு நீங்க வர்றதுக்கு முன்னாடியிருந்தே பூட்டித்தானே கிடக்கு. வாடகைக்குக் கேட்டு வர்றவங்களுக்குத் திறந்து காட்டச் சொல்லி, சாவியை உங்க வீட்டம்மாகிட்டதானே குடுத்து வச்சிருக்கேன்!"