விரியாத குண்டும் வெட்டுப்பட்ட சட்டை வாலும்

ஃபிலிப்ஸ், விஸ்கான்சின்
நன்றி கூறும் நாளுக்கு மறுநாள்

மொன்டானாவில் மலைக்காற்றும் எல்க் மான் கறியுமாகச் சுகமாக வாழ்ந்துவரும் மைத்துனர் வெண்டல் அவர்களுக்கு, உங்கள் அக்காள் ஆர்டிஸின் கணவன் எர்வின் எழுதிக்கொள்வது. அங்கே எல்லோரும் நலமாக இருப்பீர்கள். இங்கே நாங்களும் நலமாகத்தான் இருந்தோம், நீங்கள் உங்கள் கையால் அடைத்து அனுப்பிய தோட்டாப் பெட்டி வந்து சேரும்வரை.

நான் உங்களிடம் என்ன கேட்டேன்? தோளில் அறுவை செய்த பிறகு துப்பாக்கி கழுதை மாதிரி உதைக்கிறது, தோட்டாவில் கொஞ்சம் வெடிமருந்தைக் குறைத்து அடைத்துத் தாருங்கள் என்று கேட்டேன். குறைத்தீர்கள், சந்தோஷம். ஆனால் அதன் தலையில் எந்தக் குண்டைக் கொண்டுபோய் வைத்தீர்கள்? எல்க் மானின் தோள் எலும்பை உடைக்கிற முழுச் செம்புக் குண்டு! இங்கே எங்களுக்குக் கிடைப்பது வெள்ளைவால் மான். அதற்கு மூக்கில் ஈயம் தெரிகிற சாதாரணக் குண்டு போதும், பட்டவுடன் காளான் மாதிரி விரியும், மான் நின்ற இடத்திலேயே படுத்துவிடும், அதற்கும் வேதனை இல்லை, நமக்கும் அலைச்சல் இல்லை. செம்பு வேகமாகப் போனால்தான் விரியும். வேகத்தைக் குறைத்ததும் நீங்கள், வேகம் கேட்கிற குண்டை வைத்ததும் நீங்கள், பிறகு அது எப்படி விரியும்? ஸ்வெட்டர் பின்னுகிற ஊசி மாதிரி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும், மானுக்குக் கொசு கடித்த மாதிரி இருக்கும். இந்த லட்சணத்தில் பெட்டியின் மேல் "நிச்சயம் விரியும்" என்று உங்கள் கையெழுத்தில் வேறு எழுதியிருந்தீர்கள்.

நடந்ததைக் கேளுங்கள். வேட்டைக்காலம் திறந்த அன்று விடியும்போதே மேட்டில் என் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். தோள்வலியோடு அதிகம் நடக்க முடியாது என்று வண்டியைக் கீழே, வெட்டிய மரங்களை இழுத்துப் போகிற பாதையிலேயே, புதருக்குப் பின்னால் நிறுத்தியிருந்தேன். விடிந்து கொஞ்ச நேரத்தில் ஒரு கிடா வந்தது பாருங்கள், கொம்பா அது, மரக்கிளை! எனக்கும் பாதைக்கும் நடுவே வந்து பக்கவாட்டில் நின்றது. குறி பார்த்தேன், சுட்டேன், அது ஒரு துள்ளுத் துள்ளி வாலைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டது. இறங்கிப்போய்ப் பனியில் தேடினேன். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. எப்படி இருக்கும், குண்டு விரிந்தால்தானே? கொஞ்சம் வெள்ளை முடி மட்டும் கிடைத்தது, அதைச் சாட்சிக்காக ரொட்டி கொண்டுபோன பையில் போட்டு வைத்தேன். வண்டிக்கடியில் பனி பச்சையாக நனைந்திருந்தது, நான் தேடியது சிவப்பை, அதனால் அதைக் கண்டுகொள்ளவில்லை. வண்டியும் தன் பங்குக்குப் பாதிவழியில் புகைவிட்டு நின்றது. கெட்ட நேரம் வந்தால் சேர்ந்துதான் வரும் போலிருக்கிறது. வேட்டைக் கூட்டாளி ஹார்லன் வந்து கயிறு கட்டி இழுத்துப் போனான், வழியெல்லாம் சிரித்துக்கொண்டே.

எங்கள் வேட்டைக் குடிசையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மானைத் தவறவிட்டவனுடைய சட்டையின் பின்வாலை வெட்டிப் பெயர் எழுதிச் சுவரில் ஆணி அடிப்பார்கள். ஒரு தடவையும் வெட்டுப்படாதவன் கையில்தான் கத்தரிக்கோல் இருக்கும். என் அப்பாவுக்குப் பிறகு அது என்னிடம்தான் இருந்தது, அந்தச் சுவரில் ஹார்லனின் வால் மட்டுமே ஒரு போர்வை தைக்கிற அளவு இருக்கிறது. நான் தவறவிடவில்லை, பட்டது, குண்டுதான் விரியவில்லை என்று மருந்து, செம்பு, வேகம் எல்லாம் எடுத்துச் சொன்னேன். ஹார்லன் வினிகரில் ஊறவைத்த முட்டையைக் கடித்துக்கொண்டே கேட்டான், "ஏன்டா எர்வின், ரத்தமும் இல்ல, மானும் இல்ல. நீ சுட்டது அந்த மானுக்காவது தெரியுமாடா?" குடிசையே சிரித்தது. அப்புறம் என் கத்தரிக்கோலாலேயே, ஆர்டிஸ் எங்கள் கல்யாண வெள்ளி விழாவுக்கு வாங்கிக் கொடுத்த கம்பளிச் சட்டையை, இடுப்புக்கு மேலேயே வெட்டிவிட்டார்கள் மச்சான்! இனி உன்னிடம் நீங்கள், வாங்கள் எல்லாம் எனக்கு வராது. குனிந்தால் முதுகில் காத்து அடிக்கிறது. வீட்டுக்கு வந்து உன் அக்காளிடம் முடியைக் காட்டினால் அவள் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது நம்ம நாய் முடிங்க. உங்க கோட்ட அது படுக்கிற இடத்துல போட்டா வேறென்ன ஒட்டி உதிரும்? என் தம்பியக் குத்தம் சொல்லாதீங்க" என்கிறாள். பிறந்த வீட்டுப் பாசம்.

இதோ பார், அடுத்த சனிக்கிழமை குடிசையில் மான்கறி சாசேஜ் விருந்து. அங்கே வைத்துக் கத்தரிக்கோலை என்னிடமிருந்து வாங்கி, இன்னும் வெட்டுப்படாத எவன் கையிலோ கொடுக்கப் போகிறார்கள். அதற்குள் நீ ஹார்லனுக்கு எழுது. மருந்தைக் குறைத்தது நான், குண்டை மாற்றி வைத்தது நான், அது எந்தக் காலத்திலும் விரியாது, எர்வின் அத்தான் மேல் தவறில்லை என்று தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போடு. எழுதவில்லை என்றால் இந்த ஜென்மத்தில் உன் வீட்டு வாசல் மிதிக்கமாட்டேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் சளி காய்ச்சல் இல்லாமல் நன்றாக இருக்கட்டும், அவர்களாவது குறி பார்த்து வளரட்டும்.

இப்படிக்கு,
வாலில்லாத சட்டையோடு,
எர்வின் ஜாஸ்ட்ரோ

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது பட்டறையிலிருந்து டுவெய்ன் வந்தான். என் வண்டி ரேடியேட்டரில் ஒரு துளையாம், பனியைப் பச்சையாக நனைத்தது அதிலிருந்து ஒழுகிய நீர்தானாம். உள்ளே சிக்கியிருந்ததை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். செம்புக் குண்டு. நாலு இதழும் பிசகாமல், பெட்டி மேல் போடுகிற படம் மாதிரி விரிந்திருக்கிறது. அந்தக் காட்டில் செம்புக் குண்டு வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். நீ ஹார்லனுக்கு எழுத வேண்டாம். டுவெய்ன் அவனுடைய மருமகன், குண்டை என் சட்டை வாலுக்குப் பக்கத்தில் அடிப்பதற்காக எடுத்துக்கொண்டு போய்விட்டான். "தம்பி குண்டு விரியுதுன்னு இப்பவாவது ஒத்துக்குவீங்களா?" என்று கேட்டாள் ஆர்டிஸ். ஒத்துக்கொண்டேன். ஆனாலும் உன்மேல் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை மச்சான். நான் சொன்ன மாதிரி விரியாத குண்டாக அனுப்பியிருந்தால் அது மறுபக்கம் துளைத்துக் காட்டுக்குள் போய்த் தொலைந்திருக்கும், ஏதோ கல் பட்டது என்று சொல்லியிருப்பேன்.