அருளின் எடை முந்நூறு கிராம்

தராசுச் சாமியாரின் கூடத்தில் அன்றும் எள் போட்டால் எள் விழாத கூட்டம். கைக்குழந்தையின் எடையை ஒரே நிமிடத்தில் கூட்டிவிடுவாராம். பாவம் டாக்டர்கள், இந்த விஷயம் தெரியாமல் வருஷக்கணக்கில் படித்துத் தொலைத்துவிட்டார்கள்!

வரிசையின் முன்னால் எடைமேடைக்காரர் நின்றார். லாரியைக் காலியாக ஒரு முறை, சரக்கோடு ஒரு முறை நிறுத்துச் சீட்டு எழுதுவது அவர் பிழைப்பு. மகள் பிறந்து நாலு நாள். பிறந்தபோது இரண்டு கிலோ எழுநூறு. இப்போது நூற்றைம்பது கிராம் குறைவு.

"ரெண்டரையிலிருந்து நாலு கிலோ வரைக்கும் நல்ல எடைதாம்மா. முதல் வாரம் கொஞ்சம் இறங்கும். பால் குடுங்க, ரெண்டு வாரத்துல ஏறிடும்" என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மனைவி காதில் ஏறினால்தானே! பக்கத்து வீட்டுக் குழந்தை மூன்றரைக் கிலோவாம். கணவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

சாமியார் குழந்தையின் துணியைக் களைந்து தராசில் கிடத்தினார். இரண்டு கிலோ ஐந்நூற்றைம்பது. உச்சுக்கொட்டினார். அருள் போர்வையைச் சுற்றி, கனத்த செப்புத் தாயத்தைக் கட்டி, ஏதோ முணுமுணுத்து மறுபடி கிடத்தினார். இரண்டு கிலோ எண்ணூற்றைம்பது!

கூட்டம் வாயைப் பிளந்தது.

"மூணு நாளைக்குத் தாய்ப்பால் கூடாது, அருள் கரைஞ்சிடும். என் தீர்த்தம் மட்டும் குடுங்க. வெளிய பாட்டில்ல கிடைக்கும்" என்றார் சாமியார்.

மனைவி பக்தியோடு தலையாட்டினாள். குழந்தை பசியில் வீறிட்டது. மூன்று நாள் வெறும் தண்ணீரா? எடைமேடைக்காரர் தராசையும் போர்வையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் தொழில் புத்தி விழித்துக்கொண்டது.

"ஒரு நிமிஷம் சாமி." போர்வையையும் தாயத்தையும் கழற்றினார். குழந்தையை மனைவியிடம் கொடுத்தார். கழற்றியதை மட்டும் தராசில் வைத்தார். முந்நூறு கிராம்.

"அ... அது அருளோட எடை!"

"அப்படியா? அருள் தட்டுலயே கிடக்கு, எம் பொண்ணு இங்க இருக்கா. அவளுக்கு என்ன சாமி கூடிச்சு? லாரியையும் சேர்த்து மணல்னு நான் சீட்டு எழுதினா வேலையை விட்டே தூக்கிடுவாங்க. உங்களுக்கு மட்டும் கும்பிடு போடுறாங்களே!"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு கூடம் முழுக்கப் பரவியது. தியானத்துக்கு நேரமாகிவிட்டதென்று சாமியார் கொல்லைக் கதவைத் தேடினார்.

மனைவி ஓரமாக உட்கார்ந்து பால் கொடுத்தாள். அழுகை நின்றது. "பட்டினி போடப் பார்த்தேனேங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தராசு கடைசிவரை பொய் சொல்லவில்லை. கூட்டம்தான் செருப்போடு மூளையையும் வாசலில் கழற்றி வைத்திருந்தது. திரும்பும்போது செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு போய்விடாதீர்கள், ஐயா!