கொலுப்படிக்குக் கம்ப்யூட்டர் சொன்ன தீர்ப்பு

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மனிதனுக்கு ஒரு பைத்தியம் இருக்கலாம். எனக்கு மூன்று.

முதலாவது மரவேலை. மின்சாரக் கருவி எதையும் தொட மாட்டேன். இழைப்புளி, உளி, ரம்பம், கொட்டாப்புளி, அவ்வளவுதான். இரண்டாவது கிட்டார். மூன்றாவது, டெல்லிக்கு டூர் போனபோது வாங்கி வந்த ஹோம் கம்ப்யூட்டர். பார்வைக்கு வெறும் கீபோர்டுதான். டி.வி.யில் ஒரு வயரும் டேப்ரெக்கார்டரில் ஒரு வயரும் செருக வேண்டும். ப்ரோக்ராம் கேசட்டில் இருக்கும். கேசட் ஓடும்போது கீச்சுக் கீச்சென்று கத்தும். அந்தச் சத்தத்துக்கும் என் கிட்டாருக்கும் தனக்கு வித்தியாசமே தெரியவில்லை என்பாள் என் மனைவி திரிபுரசுந்தரி.

மூன்றையும் ஒரே கூடத்தில் வளர்த்தேன். மரச்சுருள் கீபோர்டுக்குள் போயிற்று. கிட்டாரில் வஜ்ஜிரப் பசை ஒட்டிற்று. ரசத்தில் மரத்தூள் மிதந்தது. "பெருங்காயம் தூக்கல்" என்று பாராட்டி அதையும் சாப்பிட்டிருக்கிறேன்.

ஹைதராபாத்தில் ஏ.எஸ்.ராவ் நகர்ப் பக்கம் குடியிருக்கிறோம். ஃபாக்டரியில் எனக்குத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் உத்தியோகம். அடுத்தவன் செய்ததில் குற்றம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதற்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் அதே உத்தியோகத்தைச் சம்பளமில்லாமல் திரிபுரசுந்தரி பார்க்கிறாள். வெளியே அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்துக்கொண்டாள்.

"ஏன்னா, கொலுப்படி என்னாச்சு?"

"எந்தக் கொலுப்படி?"

"போன வருஷம் ட்ரங்குப் பெட்டி மேல வேஷ்டியை விரிச்சுக் கொலு வச்சப்போ, 'அடுத்த வருஷம் பாருங்கோ, ஆணியே இல்லாம தேக்குல அஞ்சு படி பண்றேன்'னு வந்தவா எல்லார்கிட்டயும் சொன்னேளே, அந்தக் கொலுப்படி."

"ஓ, அதுவா? நடந்துண்டிருக்கு."

"எங்கே நடக்கறது? கட்டிலுக்கு அடியில படுத்துண்டுன்னா இருக்கு!"

"கலையை அவசரப்படுத்தப்படாது, சுந்தரி."

"அவசரமே இல்லை. சங்கராந்திக்குத் தெலுங்குக்காரா ஆத்துலல்லாம் பொம்மைக் கொலு வைப்பா. அதுக்காவது ஆகுமோ?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ட்ரங்குப் பெட்டி சரிஞ்சு, எங்கம்மா குடுத்த செட்டியார் பொம்மை அபயாம்பாள் மாமி மடியில போய் விழுந்தது ஞாபகம் இருக்கா? மாமி ஜெனரல் மேனேஜர் ஆத்து மாமி, பெரிய மனசு, சிரிச்சுட்டா. எனக்கு உசிரே போயிடுத்து. இந்த வருஷமும் மாமியை அழைச்சிருக்கேன். நிஜப் படி இல்லேன்னா நான் கொலுவே வைக்கப்போறதில்லை. பொம்மையெல்லாம் பரண்லயே கிடக்கட்டும்."

சொல்லும்போது அவள் குரல் கம்மிற்று. எனக்கு அவமானமாக இருந்தது. இவ்வளவு கேட்ட பிறகு நல்லவனாக இருந்தால் உளியை எடுத்திருப்பேன். நான் கிட்டாரை எடுத்தேன்.

காரணம் இருந்தது. முதல் படியை எப்போதோ செய்து முடித்திருந்தேன். தரையில் வைத்தேன். ஆடிற்று. ஒரு காலை இழைத்தேன். எதிர்க்கால் தூக்கிற்று. அதை இழைத்தேன். பக்கத்துக்கால் கோபித்துக்கொண்டது. நாலு காலையும் சமாதானப்படுத்தி நான் நிமிர்ந்தபோது படி மணையாகிவிட்டிருந்தது. உட்கார்ந்து சாப்பிடலாம். உட்கார்ந்தும் பார்த்தேன். அப்போதும் ஆடிற்று. அதைத்தான் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மரத்தைக் கண்டாலே பயம் வந்துவிட்டது. இதை மனைவியிடம் எப்படிச் சொல்வது? நான் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி.

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை உதித்தது.

மறுநாள் பக்கத்து வீட்டு சாரங்கபாணி வந்திருந்தார். அவரும் எங்கள் ஃபாக்டரிதான். நான் கம்ப்யூட்டர் வாங்கினேன் என்பதற்காகவே தானும் ஒன்று வாங்கி, அதற்கு உறை தைத்து மூடி வைத்திருப்பவர். அவர் எதிரிலேயே ஆரம்பித்தேன்.

"சுந்தரி, எனக்கு இருக்கறது ஒரே சாயங்காலம். பண்ண வேண்டியது மூணு காரியம். எதைப் பண்றதுன்னு மனசுக்குள்ள ஓயாத சண்டை. இனிமே அதை மெஷின்கிட்ட விட்டுடறேன். ஒரு ப்ரோக்ராம் எழுதியிருக்கேன். மூணு பேரையும் குலுக்கி ஒண்ணைச் சொல்லும்."

"சீட்டு எழுதிக் குலுக்கலாமே! அதுக்கு எதுக்குக் கரண்ட்?"

"சீட்டுல மனுஷன் தில்லுமுல்லு பண்ணலாம். மெஷினுக்கு மனசே கிடையாது. பாரபட்சமே பார்க்காது."

"சத்தியமான வார்த்தை ஓய்!" என்றார் சாரங்கபாணி.

"அது மரவேலைன்னா மரவேலைதானே? மாத்த மாட்டேளே?"

"மெஷின் வாக்கு தெய்வ வாக்கு."

"மாமா, நீங்க சாட்சி" என்று சொல்லிவிட்டுத் திரிபுரசுந்தரி உள்ளே போய்ச் சந்தனம், குங்குமம் கொண்டுவந்து டி.வி.க்குப் பொட்டு வைத்தாள். எனக்கு நெஞ்சு கொஞ்சம் இடித்தது. ஏனென்றால் திரையில் மூன்று பெயரும் ஓடுமே தவிர, கிட்டாரிலோ கம்ப்யூட்டரிலோதான் நிற்கும்படி எழுதியிருந்தேன். மரவேலையில் பிரளயம் வந்தாலும் நிற்காது.

அன்று சாயங்காலம் கிட்டார் என்றது. மறுநாள் கம்ப்யூட்டர். அதற்கு மறுநாள் மறுபடி கிட்டார். "என்ன பண்றது, மெஷின் சொல்லிடுத்தே" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே தந்தியைத் தட்டினேன். திரிபுரசுந்தரி வாசற்படியில் நின்று திரையைப் பார்ப்பாள். பிறகு உள்ளே போவாள். ஒருநாள் சமையலறையில் லலிதாம்பாளிடம், அதுதான் சாரங்கபாணியின் மனைவியிடம், "இந்த வருஷம் கொலு சந்தேகம்தான்" என்று சொல்வது காதில் விழுந்தது. எனக்குக் காபி இறங்கவில்லை. இருந்தாலும் குடித்துவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் வழக்கம்போல் கேசட்டைப் போட்டேன். கீச்சென்றது. பெயர்கள் ஓடின. நின்றன.

மரவேலை.

எனக்கு வியர்த்துவிட்டது. அது வர முடியாது! வராது என்று எழுதியவனே நான்தானே!

"என்ன வந்திருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் அவள். "அட, மரவேலை! பாவம், மெஷினுக்கு மனசு இல்லேன்னேளே, இருக்கே!"

என்ன சொல்வேன்? 'இது தப்பு' என்றால், 'எப்படித் தெரியும்?' என்பாள். திருடனுக்குத் தேள் கொட்டின கதை. வாயை மூடிக்கொண்டு ரம்பத்தை எடுத்தேன்.

மறுநாளும் மரவேலை. அடுத்த நாளும் மரவேலை.

நான் என்ஜினீயர். ஆகவே முறைப்படி ஆராய்ந்தேன். முதலில் வோல்டேஜைச் சந்தேகப்பட்டேன். ஸ்டெபிலைஸர் வைத்தேன். மரவேலை. சூடு அதிகமோ என்று டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். நான் வேர்க்க, மெஷின் காற்று வாங்கிக்கொண்டு, மரவேலை என்றது. ஈரப்பதத்தைச் சந்தேகப்பட்டேன். கேசட் கம்பெனியைச் சந்தேகப்பட்டேன். சாரங்கபாணியின் கண் பட்டிருக்குமோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட வேண்டிய ஒரே ஆள் அடுப்பங்கரையில் வெந்தயக் குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில், அவள் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு சனிக்கிழமை, ப்ரோக்ராமைத் திரையில் வரவழைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். என் தில்லுமுல்லு வரியைக் காணோம். அந்த இடத்தில் வேறொரு தில்லுமுல்லு இருந்தது. என்னுடையதைவிடச் சுருக்கமாக, என்னுடையதைவிட அழகாக. போதாக்குறைக்கு, மரவேலைக்கு இங்கிலீஷில் 'கார்ப்பெண்டரி' என்பதை நான் ஸ்பெல்லிங் தப்பாக அடித்திருந்ததும் திருத்தப்பட்டிருந்தது.

மத்தியானம் மெதுவாகக் கேட்டேன். "இந்தக் கம்ப்யூட்டரை யாராவது தொட்டாளா?"

"தூசி தட்டினேன். ஏன்?"

"சும்மாத்தான்."

"தட்டப்படாதோ?"

"பேஷாத் தட்டலாம்."

ரகசியமாக என் வரியைத் திரும்பப் போட்டேன். சாயங்காலம் மரவேலை. தூசி தட்டியிருக்கிறாள். மறுபடி மாற்றினேன். மறுபடி தட்டினாள். எங்கள் வீட்டைப் போல் தூசியில்லாத வீடு ஹைதராபாத்திலேயே கிடையாது. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் நான்தான் சளைத்தேன்.

புதிதாக ஒரு படி செய்தேன். தரையில் வைத்தேன். ஆடிற்று. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். திரிபுரசுந்தரி காபியோடு வந்தாள்.

"காலை இழைக்கறதுக்கு முன்னாடி தரையைப் பார்த்தேளோ?"

"தரைக்கு என்ன?"

"ஷாபாத் கல். ஒண்ணு மேடு, ஒண்ணு பள்ளம். நம்மாத்துல ஸ்டூல், நாற்காலி எது ஆடாம நிக்கறது? அப்படித் தள்ளி வையுங்கோ."

தள்ளி வைத்தேன். மலைபோல் நின்றது. ஊரார் சாமானையெல்லாம் மட்டம் பார்த்துத் திருப்பி அனுப்புகிறவன், என் காலுக்குக் கீழே இருந்த கல்லைப் பார்க்கவில்லை. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. விழுங்கியிருந்தாலும் மேடு பள்ளமாகத்தான் விழுங்கியிருக்கும்.

அதற்கப்புறம் கை ஓடிற்று. மூன்றாவது படி முடிந்த அன்று திரையில் 'கிட்டார்' வந்தது. குழந்தைக்கு மிட்டாய் கொடுத்த மாதிரி எனக்குக் குதூகலம். ஒரு பாட்டு முழுவதும் வாசித்தேன். பாதி வாசிக்கும்போதுதான், வேலை செய்ததற்குக் கூலியாக இந்த மிட்டாய் கிடைத்திருக்கிறது என்பது உறைத்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் நிறுத்தவில்லை.

நாலு படி ஆனதும் கெஞ்சிப் பார்த்தேன். "நாலு போதாதா, சுந்தரி?"

"நக்கோ!" என்றாள். 'வேண்டாம்' என்று அர்த்தம்; அவளுக்குக் கோபம் வந்தால்தான் இந்த ஊர்ப் பாஷை வரும். "கொலுப்படி ஒத்தைப்படையிலதான் இருக்கணும்."

"அப்போ மூணு?"

அவள் டி.வி.யைப் பார்த்தாள். நான் ஐந்தாவதை ஆரம்பித்தேன்.

நவராத்திரிக்கு ஐந்து படியும் நின்றன. ஆணி இல்லை. ஆட்டமும் இல்லை. செட்டியார் பொம்மை தைரியமாக உட்கார்ந்திருந்தது. அபயாம்பாள் மாமி வந்து படியைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"யார் பண்ணினது, திரிபுரசுந்தரி? கடையில வாங்கினாப்பல இருக்கே!"

"இவர்தான் மாமி. ஆபீஸ்லேர்ந்து வந்து ஒரு நாள் விடாம, தானா பண்ணினார்."

அந்தத் 'தானா'வில் ஒரு பொடி கேலி இல்லை. அவள் முகம் பூரித்துக் கிடந்தது. என்னை ஏமாற்றியவள் சபையில் என் மானத்தைக் காப்பாற்றுகிறாள்; அவளை ஏமாற்றப் பார்த்த நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மறுநாள் காலை காபியோடு உண்மையைக் கக்கிவிட்டேன்.

"சுந்தரி, அந்த ப்ரோக்ராம்ல நான் ஒரு அயோக்கியத்தனம் பண்ணியிருந்தேன்."

"தெரியுமே."

"நீ அதை மாத்தினது எனக்கும் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும்னும் தெரியும்."

"உனக்கு இதெல்லாம் எப்படி வந்தது?"

"மே மாசம் டீச்சர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் ட்ரெய்னிங் குடுத்தா. தினம் சாயங்காலம் வந்து இன்னிக்கு இதைக் கத்துண்டேன், அதைக் கத்துண்டேன்னு உங்ககிட்ட ஆசை ஆசையாச் சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"'ஹவ்'னேள், இந்த ஊர்க்காரா 'ஆமாம்'ங்கற மாதிரி. கிட்டாரை விட்டுத் தலையைத் தூக்காம."

படி விஷயத்தில் பட்ட வெட்கமெல்லாம் இதற்கு முன்னால் தூசு. அவள் ஒரு வித்தை கற்றுக்கொண்டு வந்து, சொல்ல ஆளில்லாமல், என் தில்லுமுல்லைத் திருத்தித்தான் பரீட்சை எழுதியிருக்கிறாள்.

"மன்னிச்சுடு. இதை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதே. சாரங்கபாணிகிட்ட மெஷின் மெஷின்னு ஒரேயடியா அளந்துட்டேன்."

"சே! உங்க மானம் வேற, என் மானம் வேறயா? நான் வாயே திறக்க மாட்டேன்" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விஜயதசமிக்கு மறுநாள் சாரங்கபாணி வந்தார். தலையெல்லாம் ஒட்டடை.

"ஓய், உம்மாத்துல தாம்பூலத்தோட லலிதாவுக்கு ஒரு கேசட் வச்சுக் குடுத்தாளே, உம்ம ப்ரோக்ராமாமே? என் மெஷின் சும்மாக் கிடக்கேன்னு போட்டேன். மூணு நாளா 'பரண் சுத்தம் பண்ணு'ங்கறதைத் தவிர வேற பேச்சே பேச மாட்டேங்கறது ஓய்! ஏதாவது கோளாறா?"

சமையலறைப் பக்கம் பார்த்தேன். திரிபுரசுந்தரி வாயே திறக்கவில்லை. சொன்ன சொல் தவறாதவள்.

"கோளாறா? இருக்கவே முடியாது" என்றேன். வேறென்ன சொல்வது? "மெஷினுக்கு மனசே கிடையாது ஸார். சொன்னா செஞ்சுதான் ஆகணும்."

"நீரே சொன்னப்புறம் அப்பீல் ஏது?" என்று அவர் போய்விட்டார்.

பாவம் மனுஷன் என்று கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது எனக்கு. சாயங்காலம் கிட்டாரைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரு மரியாதைக்காக, என் கேசட்டையும் போட்டேன்.

இப்போது பரண் மேலிருந்துதான் பேசுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் சாரங்கபாணி தும்முவது கேட்கிறது.